ப்ரீகாஸ்ட் கட்டடம்: ஒப்பந்ததாரரை வடிவமைப்புக் கட்டத்திலேயே உட்காரவைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சுவரையும் தளத்தையும் யார்டில் (வார்ப்புக் கூடத்தில்) கான்கிரீட்டாக வார்த்து, ட்ரெய்லரில் ஏற்றி, கிரேனால் நிறுத்தும் ப்ரீகாஸ்ட் கட்டடத்துக்கு, வரைபடம் எல்லாம் முடிந்த பிறகு டெண்டர் விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கல்லூரி விடுதி வேலையில் பார்த்தேன். ஆர்க்கிடெக்ட் முடித்துவிட்டார். ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் கம்பிக் கணக்கு வரை முடித்துவிட்டார். அப்புறம்தான் ப்ரீகாஸ்ட் நிறுவனம் உள்ளே வந்தது. அவர்களுடைய யார்டு மேலாளர் வரைபடத்தைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இந்தச் சுவரை எந்த வண்டியில சார் ஏத்துறது?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான்கு மாதம் வரைபடத்தைத் திரும்பப் போட்டோம்.

அதற்குப் பிறகு செய்த வேலைகளில் நான் பின்பற்றும் வரிசை இது. சென்னைப் புறநகரில் ஆறு தளம் வரையிலான விடுதி, அடுக்ககம் போன்றவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு ஊரில் எண்கள் மாறலாம், வரிசை அநேகமாக மாறாது.

1. அழைக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மண் பரிசோதனை அறிக்கை, மனையின் சர்வே, தேவையான அறைகளின் பட்டியல் (எத்தனை, எவ்வளவு பரப்பு), உத்தேச பட்ஜெட். இவை போதும். அழகான முப்பரிமாணப் படம் இந்தக் கட்டத்தில் இல்லாமலிருப்பதே நல்லது. உரிமையாளர் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அதிலுள்ள வளைந்த பால்கனியை யாராலும் நிமிர்த்த முடியாது.

இன்னொன்றும் வேண்டும்: உரிமையாளர் தரப்பில் "சரி" சொல்லும் அதிகாரம் உள்ள ஒரே ஒரு ஆள். டிரஸ்ட், குடும்ப நிறுவனம் என்றால் அந்த ஆள் யார் என்பதைக் கடிதத்தில் வாங்கிவிடுங்கள். சைட்டில் வார்க்கும் வேலையில் முடிவு இரண்டு வாரம் தள்ளிப்போனால் தாக்குப்பிடிக்கலாம். யார்டில் அந்த இரண்டு வாரமும் மோல்டு (வார்ப்பு அச்சு) சும்மா கிடக்கும், அதற்கு வாடகை ஓடும்.

2. எதை யார்டில் செய்வது என்று தோராயமாகப் பிரியுங்கள்

அடித்தளம், சம்ப், லிஃப்ட் பிட் ஆகியவை சைட்டிலேயே இருக்கட்டும். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். விடுதியில் அறைச்சுவர், தளப்பலகை, படிக்கட்டு மூன்றும் அப்படி வரும். நுழைவு மண்டபமும் சாப்பாட்டுக் கூடமும் ஒருமுறைதான் வரும். அவற்றை வழக்கம்போலவே கட்டலாம்.

முழுக் கட்டடமும் ப்ரீகாஸ்ட் ஆக வேண்டும் என்ற பிடிவாதம் புதியவர்களிடம் அதிகம். தளமும் படிக்கட்டும் மட்டும் யார்டில் வார்த்தாலே முட்டுக்கொடுப்பதும் சென்ட்ரிங்கும் பெருமளவு குறைந்துவிடும். இந்தப் பட்டியல் கடைசி முடிவு ஆகாது. ஒப்பந்ததாரர் வந்ததும் மாற்றுவார், மாற்ற விடுங்கள்.

3. எப்போது: திட்ட அனுமதிக்கு வரைபடம் போகும் முன்

தூண்களின் இடைவெளி முடிவாவதற்கு முன் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் தமிழ்நாட்டில் அதைவிடக் கறாரான ஒரு கெடு இருக்கிறது: திட்ட அனுமதி தரும் சிஎம்டிஏவுக்கோ டிடிசிபிக்கோ வரைபடம் சமர்ப்பிக்கும் நாள்.

காரணம் உயரம். 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். ஓரம் விட வேண்டிய இடம், சாலை அகலம், தீயணைப்புத் தேவைகள் எல்லாம் மாறிவிடும். ஆறு தளத்தைத் தளத்துக்கு 3 மீட்டர் வீதம் அடுக்கினால் 18 மீட்டர். கையில் மிச்சம் 30 செ.மீ.

இப்போது ப்ரீகாஸ்டுக்கு வாருங்கள். ஹாலோகோர் பலகை (உள்ளே நீளவாக்கில் துளை ஓடும் தளப்பலகை) 200 மி.மீ., அதன்மேல் கான்கிரீட் டாப்பிங் 50 முதல் 75 மி.மீ., பலகை உட்கார அடியில் பீம். வழக்கமான 125, 150 மி.மீ. தளத்தோடு ஒப்பிட்டால் தளத்துக்கு 10 செ.மீ. கூடுவது சாதாரணம். ஆறு தளத்துக்கு 60 செ.மீ. அனுமதி வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் இரண்டே வழி: உள்ளே கூரை உயரத்தைக் குறைப்பது, அல்லது ஒரு தளத்தையே விடுவது. அதனால் அனுமதி வரைபடத்தின் குறுக்குவெட்டை ப்ரீகாஸ்ட் ஆள் பார்த்து, ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடாமல் சமர்ப்பிக்காதீர்கள்.

4. ஆலோசனைக்குத் தனியாகப் பணம் கொடுங்கள்

"டெண்டர் உங்களுக்குத்தான், சும்மா வந்து பாருங்கள்" என்று கூப்பிடுவது இங்கே பரவலான பழக்கம். சும்மா வருபவர் சும்மா பேசிவிட்டுத்தான் போவார். தன் மோல்டு விவரத்தையும் உண்மையான விலைக் கணக்கையும் காட்டமாட்டார். காட்டினால் அடுத்த வாரம் அது போட்டியாளர் மேசையில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நான் செய்வது இரண்டு கட்ட ஒப்பந்தம். முதல் கட்டம் எட்டு முதல் பன்னிரண்டு வாரம், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலைகள்: கட்டடத்தை எந்தெந்தப் பேனலாக (வார்க்கும் துண்டாக) பிரிப்பது என்ற வரைபடம், கிரேன் திட்டம், மோல்டு எண்ணிக்கை, செலவை மறைக்காமல் காட்டும் திறந்த கணக்கில் விலை. விலை ஒத்துவராவிட்டால் உரிமையாளர் அந்த வரைபடங்களோடு வேறொருவரிடம் போகலாம் என்பதும், அப்படிப் போனாலும் ஒப்பந்ததாரருக்கு முதல் கட்டத் தொகை முழுசாகக் கிடைக்கும் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். இந்த இரண்டு வரிகளையும் சேர்க்கச் சங்கடப்படுபவர்கள் உண்டு. பின்னால் வரும் சண்டையில் பாதியைத் தடுப்பவை இவைதான்.

அரசு வேலையில் இப்படிச் செய்ய முடியாது. 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கும்போது ஒருவரை முன்கூட்டி உள்ளே உட்காரவைத்துவிட்டு அவருக்கே வேலை கொடுத்தால் கேள்வி வரும். அங்கே வழி, வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் சேர்த்தே டெண்டர் விடுவது. பெரும்பாக்கத்தில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட 1,152 வீடுகள் கொண்ட லைட் ஹவுஸ் திட்டத்தில், ஆறு நகரங்களுக்கு ஆறு தொழில்நுட்பம் என்று முதலிலேயே பிரித்துவிட்டார்கள். சென்னைக்கு ப்ரீகாஸ்ட் கான்கிரீட். கட்டும் முறை முதலிலேயே முடிவாகிவிட்டதால் வீட்டு வரைபடத்தை அதற்கேற்பப் போட முடியும்.

5. யாரை அழைப்பது

விற்பனை மேலாளரை வேண்டாம். எஸ்டிமேட் போடுபவர் தேவைதான், ஆனால் அவர் மட்டும் போதாது. மூன்று பேர் வர வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள்: யார்டில் வார்ப்பைப் பார்ப்பவர், மோல்டு செய்பவர், சைட்டில் பேனல் நிறுத்தும் ஃபோர்மேன்.

ஃபோர்மேன் பெரும்பாலும் கூட்டத்தில் பேசமாட்டார். ஆர்க்கிடெக்டும் கன்சல்டன்டும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்க, ஓரமாக டீயோடு உட்கார்ந்திருப்பார். வரைபடத்தை அவர் முன்னால் விரித்து, "அண்ணே, முதல் பேனலை எங்கே நிறுத்துவீங்க, அடுத்தது எது?" என்று கேளுங்கள். விரலால் காட்டிக்கொண்டே போவார். ஏதோ ஓரிடத்தில் விரல் நிற்கும். சுற்றி நான்கு சுவரும் நின்ற பிறகு நடுவில் ஒன்றை இறக்க வேண்டியிருக்கும், அல்லது முட்டுக் கம்பி ஊன்ற இடம் இருக்காது. விரல் நின்ற இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

6. முதல் கூட்டம்: சாலையும் கிரேனும், வேறொன்றும் வேண்டாம்

பேனலின் அளவைத் தீர்மானிப்பது கட்டடக்கலை என்று நினைத்து வருகிறோம். முதலில் தீர்மானிப்பது சாலை, அடுத்து கிரேன். இந்த இரண்டும் தெரியாமல் அறை அளவைப் பற்றிப் பேசும் கூட்டம் வீண்.

சாலையை நேரில் அளக்க வேண்டும். கூகுள் மேப்பில் அலங்கார வளைவின் உயரம் தெரியாது. ட்ரெய்லர் தட்டின் உயரம் 1.2 மீட்டர் என்றால், அதன்மேல் 3 மீட்டர் சுவரை ஏ வடிவச் சட்டத்தில் நிற்கவைத்தால் மொத்தம் 4.2 மீட்டர் ஆகிவிடும். ஊர் நுழைவாயில் வளைவு, தெருவைக் கடக்கும் இபி ஒயர், கேபிள் டிவி ஒயர், தாழ்ந்த வேப்பங்கிளை எல்லாம் இந்த உயரத்துக்குள் வந்துவிடும். நாங்கள் ஒரு முறை பிவிசி குழாயில் அளவு குறித்துக்கொண்டு, பைக்கின் பின்னால் ஒருவரை உட்காரவைத்து யார்டிலிருந்து சைட் வரை அளந்தோம். பதினோரு இடத்தில் தட்டியது. அதில் ஒன்பது கேபிள் ஒயர். ஒன்று வளைவு, அதைத் தூக்க முடியாது. சுவரைப் படுக்கவைத்துக் கொண்டுவருவது என்று முடிவாகி, அதற்கேற்பத் தூக்கும் கொக்கிகளும் கம்பியும் மாறின.

அகலத்துக்கும் வரம்பு உண்டு. மோட்டார் வாகன விதிப்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்குள். பலகையை 2.4 மீட்டருக்குள் வைத்துக்கொண்டால் நிம்மதி. நகருக்குள் கனரக வண்டிக்குத் தடையுள்ள நேரங்களையும் இப்போதே குறியுங்கள். ராத்திரி மட்டும்தான் வண்டி வரும் என்றால் சைட்டில் ஒரு நாள் தேவைக்கான பேனலை அடுக்க இடம் வேண்டும்.

கிரேனுக்கு வாருங்கள். இந்தக் கணக்கைக் கூட்டத்திலேயே எல்லார் முன்னாலும் போடுங்கள். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 150 மி.மீ. தடிமன் உள்ள சுவர்: 2.7 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.5 டன் வீதம் 6.75 டன். தன் கம்பத்துக்குப் பக்கத்தில் 8 டன் தூக்கும் டவர் கிரேன், 50 மீட்டர் தள்ளி ஒன்றரை, இரண்டு டன்னோடு நின்றுவிடும். அப்படியானால் மூன்று வழி. சுவரை இரண்டாகப் பிரித்தால் ஒரு துண்டு சுமார் 3.4 டன், ஆனால் ஓர் இணைப்பு கூடும். பெரிய கிராலர் கிரேன் வாடகைக்கு எடுத்தால் அது நடமாடக் கட்டடத்தைச் சுற்றி கெட்டியான பாதை வேண்டும், அந்தப் பாதையின் கீழே சம்ப் இருக்கக் கூடாது. டவர் கிரேனை நடுவில் வைத்தால் தூரம் குறையும், ஆனால் அது நிற்கும் இடத்தில் தளம் கடைசியில்தான் மூடும். மூன்றும் வரைபடத்தைத் தொடுகின்றன. அதனால்தான் இது முதல் கூட்டம்.

7. இரண்டாவது கூட்டம்: அறை அளவும் மோல்டும்

ஹாலோகோர் பலகையின் வழக்கமான அகலம் 1.2 மீட்டர். பலகைகள் பக்கம் பக்கமாக அடுக்கப்படும் திசையில் அறை 3.6 மீட்டர் என்றால் மூன்று பலகை. 3.5 மீட்டர் என்றால் இரண்டு முழுப் பலகை, ஒன்றை நீளவாக்கில் அறுக்க வேண்டும். அறுவைக்குக் கூலி, வெட்டிய துண்டு குப்பை. ஆர்க்கிடெக்டுக்கு 10 செ.மீ. பெரிய விஷயமே இல்லை, கேட்டால் கொடுத்துவிடுவார். கேட்க ஆள் அந்த நேரத்தில் அறையில் இருந்தாரா என்பதுதான் கேள்வி.

சுவருக்கு மோல்டுக் கணக்கு. எத்தனை பேனல் என்பதைவிட எத்தனை வகை என்பதைப் பாருங்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: பேனல் வகை, அது எத்தனை முறை வருகிறது. நான்கு முறைக்குக் கீழே வருவதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, இதைப் பக்கத்து வகையாக மாற்ற என்ன தடை என்று கேளுங்கள். ஜன்னல் 15 செ.மீ. நகர்ந்திருக்கும், சுவிட்ச் பெட்டி எதிர்ப்பக்கம் இருக்கும், அவ்வளவுதான்.

மிகவும் ஏமாற்றுவது கண்ணாடிப் பிம்ப அறைகள். இரண்டு கழிவறைகளையும் முதுகோடு முதுகாக வைத்து ஒரே ஷாஃப்டில் குழாய் இறக்குவது ஆர்க்கிடெக்டுக்குக் கைவந்த பழக்கம். அதில் தவறில்லை. ஆனால் இடது அறைச் சுவரும் வலது அறைச் சுவரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் யார்டுக்கு இரண்டு வகை. மோல்டு மேசையில் ஒரு பக்கம் வழவழப்பாக வரும், இன்னொரு பக்கத்தைக் கரணையால் தேய்ப்பார்கள். பேனலைத் திருப்பிப் போட்டால் தேய்த்த பக்கம் அறைக்குள் வந்துவிடும். இருபக்கமும் இரும்புத் தகடு உள்ள பேட்டரி மோல்டில் வார்த்தால் இந்தத் தொல்லை இல்லை. அந்த வசதி உங்கள் ஒப்பந்ததாரரிடம் இருக்கிறதா? இருந்தால் பிம்ப அறைகளை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் எல்லா அறையும் ஒரே கைப்பக்கமாக இருக்கட்டும். பிளம்பிங் ஷாஃப்ட் கூடும் செலவையும் மோல்டு குறையும் மிச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது ஜெயிக்கும் என்று நான் முன்கூட்டிச் சொல்லமாட்டேன், இரண்டு விதமாகவும் வந்திருக்கிறது.

8. இணைப்புக்கு யார் பொறுப்பு என்பதை எழுதுங்கள்

1968இல் லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் 18ஆம் மாடியில் கேஸ் வெடித்து, ஒரு மூலை முழுக்கச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். பேனல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இணைப்பு போதாமல் போனதே சரிவு பரவக் காரணம். இது எல்லா ப்ரீகாஸ்ட் பொறியாளருக்கும் தெரியும். தெரிந்தும் நம் வேலைகளில் இணைப்பு அனாதையாகிவிடுகிறது. கன்சல்டன்ட் "இணைப்பு விவரம் ப்ரீகாஸ்ட் நிறுவனம் தரும்" என்று குறிப்பு எழுதுவார். நிறுவனம் "கன்சல்டன்ட் கணக்குப்படி" என்று எழுதும்.

ஒரே பக்கத்தில் அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு வகை இணைப்புக்கும் விசைக் கணக்கை யார் தருவது, விவரம் யார் வரைவது, யார் சரிபார்ப்பது, நிறுத்தும்போது தற்காலிக முட்டு யார் கணக்கு. ஐஎஸ் 15916, பெரிய பேனல்களுக்கு ஐஎஸ் 11447, நிலநடுக்க விவரத்துக்கு ஐஎஸ் 13920 என்று எந்த விதிநூல் எங்கே என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஐஎஸ் 1893இன் 2016 பதிப்பில் சென்னை மூன்றாம் மண்டலம். அதனால் நிலநடுக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

வெளிச்சுவர் இணைப்பில் தண்ணீரையும் பேசுங்கள். சீலன்ட் ஒன்றை மட்டும் நம்பினால் சில வருட வெயிலில் அது பிளக்கும், ஐப்பசி மழை உள்ளே வரும். கிடைமட்ட இணைப்பில் தண்ணீர் உள்ளே ஏறாதபடி ஒரு படி வைத்து வார்ப்பது மோல்டு செய்யும்போது சுலபம். வார்த்த பிறகு முடியாது.

9. குழாய், ஒயர் போகும் கன்ட்யூட், அப்புறம் ஃப்ரீஸ்

கழிவறைக்குத் தளத்தை 20, 30 செ.மீ. தாழ்த்திப் போடும் சங்கன் ஸ்லாப் நம் ஊர்ப் பழக்கம். ஹாலோகோரில் அது நடக்காது. கழிவறைப் பகுதியை மட்டும் சைட்டில் வார்க்கலாம், தனி ப்ரீகாஸ்ட் தட்டு போடலாம், அல்லது சுவரில் மாட்டும் கம்மோடுக்கு மாறி, தரைக் குழாயைக் கீழ்த்தளக் கூரையடியில் ஓடவிடலாம். எதுவானாலும் பிளம்பர் இந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோர் கட்டிங் மெஷினோடு பிறகு வருவார், ஹாலோகோருக்குள் இழுவிசையில் இருக்கும் கம்பியை அறுப்பார்.

ஏசி துளை, கீஸர் பாயின்ட், சுவிட்ச் பெட்டி, கைப்பிடிக் கம்பிக்கான தகடு எல்லாம் பேனல் வரைபடத்தில் வந்த பிறகே ஃப்ரீஸ், அதாவது அதற்குமேல் வரைபடத்தில் மாற்றமில்லை. வாஸ்து பார்ப்பவர் உண்டென்றால் அவரையும் இதற்கு முன்பே கூப்பிட்டுவிடுங்கள், கிண்டலுக்குச் சொல்லவில்லை. மோல்டு வெட்டிய பிறகு வாசலை நகர்த்தச் சொன்ன உரிமையாளரை நான் பார்த்திருக்கிறேன்.

ஃப்ரீஸ் தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். நான் வைத்துக்கொள்ளும் கணக்கு: நிறுத்தத் தொடங்கும் முன் இரண்டு தளத்துக்கான இருப்பு வார்க்க 4 வாரம், மோல்டு செய்ய 7, ஷாப் டிராயிங் (யார்டு பார்த்து வார்க்கும் வரைபடம்) 4, சரிபார்ப்பு 3. மொத்தம் 18 வாரம். ஜனவரி முதல் வாரம் முதல் பேனல் நிற்க வேண்டுமானால் ஆகஸ்ட் கடைசியில் ஃப்ரீஸ். மழைக்காலத்தில் கூரை போட்ட யார்டில் வார்ப்பு நடக்கும். சைட்டில் அடித்தளம் ஐப்பசிக்கு முன் மேலே வந்திருக்க வேண்டும்.

10. ஓர் அறையை யார்டில் நிறுத்திப் பாருங்கள்

மோல்டுகள் மொத்தமும் வருமுன் ஒரே ஓர் அறை. எலக்ட்ரீஷியன் ஒயர் இழுக்கட்டும், ஜன்னல்காரர் ஃப்ரேம் வைக்கட்டும். உரிமையாளர் உள்ளே நின்று பார்க்கட்டும். இதை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் தரைத்தளம் முழுவதையும் மாதிரியாகக் கட்டிவிடுகிறார்கள்.

11. யார்டில் கிடக்கும் பேனலுக்குப் பணம்

வங்கிக் கடன் தளத்துக்குத் தளம் விடுவிக்கப்படும். வழக்கமான ஒப்பந்தத்தில் பில்லும் அப்படியே. ப்ரீகாஸ்டில் சைட் காலி மனையாகக் கிடக்கும்போதே யார்டில் இரண்டு தளத்துக்கான சிமென்டும் கம்பியும் முடங்கியிருக்கும். இதை முதல் கட்டத்திலேயே பேசாவிட்டால் ஒப்பந்ததாரர் தன் கைப்பணத்துக்கு வட்டியை விலையில் ஏற்றுவார், அல்லது நடுவில் வார்ப்பை நிறுத்துவார்.

வார்த்ததும் ஒரு பங்கு, சைட்டுக்கு வந்ததும் ஒரு பங்கு, நிறுத்தி இணைப்பில் கிரவுட் (சிமென்ட் குழம்பு) போட்டதும் மீதி. யார்டில் கிடக்கும்போது பணம் கொடுத்தால் அந்தப் பேனலில் எண்ணும் தேதியும் திட்டப் பெயரும் இருக்க வேண்டும், காப்பீடு உரிமையாளர் பெயரையும் சேர்த்து இருக்க வேண்டும். வங்கி மேலாளரை ஒருமுறை யார்டுக்கு அழைத்துப் போங்கள். அடுக்கியிருப்பதைக் கண்ணால் பார்த்தபின் பேச்சு சுலபமாகிவிடும்.

12. அடித்தளத்தில் நீட்டும் கம்பி

அடித்தளத்தைப் பெரும்பாலும் வேறொரு சிவில் ஒப்பந்ததாரர் செய்வார். அவருக்கு 20, 30 மி.மீ. பிசகு சகஜம், பூச்சில் சரிக்கட்டிவிடுவார். ப்ரீகாஸ்ட் சுவரின் அடியில் இருக்கும் குழாய்க்குள் அடித்தளத்திலிருந்து நீட்டி அவர் விட்ட டோவல் கம்பி நுழைய வேண்டும், அங்கே அந்த அளவு பிசகுக்கு இடமே இல்லை. கிரேன் பேனலைத் தொங்கவிட்டபடி நிற்க, கீழே ஆட்கள் கம்பியைச் சுத்தியலால் வளைப்பதைப் பார்த்தால் எங்கே தவறு நடந்தது என்று புரிந்துவிடும்.

டோவல் கம்பி நிற்கும் இடத்தைக் காட்டும் டெம்ப்ளேட்டை ப்ரீகாஸ்ட் நிறுவனமே செய்து தரவேண்டும் என்று முதல் கட்ட ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். கான்கிரீட் போடும் முன்பு இரு தரப்பு சர்வேயரும் சேர்ந்து அளந்து கையெழுத்திட வேண்டும். மறுநாள் காலை இன்னொரு முறை அளக்க வேண்டும், ஏனென்றால் வைப்ரேட்டர் போடும்போது கம்பி நகரும். அந்த இரண்டாவது அளவு யார்டுக்குப் போகட்டும். நகர்ந்த கம்பிக்கு ஏற்ப அந்த ஒரு பேனலின் குழாயை வார்ப்பதற்கு முன் நகர்த்த முடியும், இருப்பு வார்த்து முடிக்காதவரை.